வாசிப்பு வட்டத்தின் நிர்வாகக் குழுவுக்குப் பேராசிரியர் தலைமை ஏற்கலாமா?

பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். நூலகங்களிலும் முதியோர் இல்லங்களிலும் சிறைகளிலும் புத்தகக் கலந்துரையாடல் நடத்தும் ஒரு தொண்டு அமைப்பில் அவர் சில ஆண்டுகளாக நெறியாளராக இருக்கிறார். இப்போது அதன் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை ஏற்கும்படி அழைப்பு வந்திருக்கிறது. "வகுப்பறை அனுபவம் இதற்குப் போதுமா? நான் என்னதான் செய்ய வேண்டியிருக்கும்? ஏற்கலாமா?"

ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இத்தகைய அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வாசிப்பின் மேல் உண்மையான பிடிப்பு உள்ள ஒருவர் தலைமையில் இருந்தால், நெருக்கடி வரும்போது அமைப்பு எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் தெளிவு இருக்கும். ஆனால் உங்கள் வகுப்பறை அனுபவத்தில் பாதி கைகொடுக்கும், மறுபாதி குறுக்கே நிற்கும். வட்டம் வகுப்பாக மாறிவிடாமல் காப்பதுதான் இந்தப் பதவியின் முதல் வேலை. அதைச் செய்யும் இடமோ கலந்துரையாடல் அறை இல்லை. பணம், ஆட்கள், விதிகள் பற்றி முடிவெடுக்கும் மேசை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பேராசிரியர்கள் இந்தத் துறைக்குப் புதியவர்கள் இல்லை. 1947-இல் சிகாகோவில் ராபர்ட் ஹட்சின்ஸும் மார்ட்டிமர் ஆட்லரும் தொடங்கிய கிரேட் புக்ஸ் ஃபவுண்டேஷன், பெரியவர்கள் ஊர் ஊராகக் கூடிப் படித்துப் பேசுவதற்காக உருவானது. ஹட்சின்ஸ் சிகாகோ பல்கலைக்கழகத்தையே தலைமையேற்று நடத்தியவர், ஆட்லர் அங்கே கற்பித்தவர். அவ்வளவு கற்றவர்கள் தொடங்கிய அமைப்பில் வேரூன்றிய முறை, நெறியாளரின் வாயைக் கட்டிப்போடும் முறை. நெறியாளர் கேள்வி மட்டும் கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது. கேட்கும் கேள்விக்கும் தன்னிடம் முடிந்த முடிவான பதில் இருக்கக் கூடாது. பதிலைக் கைக்குள் வைத்துக்கொண்டு மாணவர்களை அதை நோக்கி நகர்த்துவதுதான் நம்மில் பலரும் வகுப்பில் செய்வது. வட்டத்தில் அது செல்லாது.

அடுத்த தலைமுறை முயற்சிகள் இதைவிட ஒரு படி மேலே போயின. 1972-இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் சாரா ஹிர்ஷ்மன், அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த போர்ட்டோ ரீக்கோ பெண்களோடு ஸ்பானிய மொழிச் சிறுகதைகளை வாசித்துப் பேசத் தொடங்கினார். கதையை உரக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசுவார்கள். முன்கூட்டிப் படித்துவர வேண்டிய கட்டாயமே கிடையாது. அதனால் எழுத்தறிவு குறைவானவரும் முழு உரிமையோடு உட்கார முடிந்தது. இங்கிலாந்தில் ஜேன் டேவிஸ், லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் வெளிமாணவர் கல்வியிலிருந்து கிளம்பி, கூடி உரக்க வாசிக்கும் குழுக்களை உருவாக்கினார். அந்த முயற்சி 2008-இல் தனித் தொண்டு நிறுவனமாகவே பதிவானது. பல்கலைக்கழகத்துக்குள் முளைத்தது வெளியே போய்த் தன் காலில் நின்றது. இப்படி நிற்கும்போதுதான் நிர்வாகக் குழு, தலைவர் என்பதெல்லாம் தேவைப்படுகிறது.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மாசசூசெட்ஸில் 1991-இல் தொடங்கிய 'இலக்கியத்தின் வழியே வாழ்வை மாற்றுதல்' என்ற திட்டம். ராபர்ட் வாக்ஸ்லர் என்ற ஆங்கிலப் பேராசிரியரும் ராபர்ட் கேன் என்ற நீதிபதியும் சேர்ந்து செய்தது. முதல் குழுவில் எட்டு ஆண்கள். அவர்கள் மேல் மொத்தம் 142 குற்றத் தீர்ப்புகள். சிறைக்குப் பதிலாக, நன்னடத்தைக் கண்காணிப்பின் ஒரு பகுதியாக, பல்கலைக்கழகக் கருத்தரங்க அறையில் உட்கார்ந்து நாவல்களைப் பற்றிப் பேச வேண்டும். நீதிபதியும் நன்னடத்தை அதிகாரியும் அதே மேசையில், அதே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தீர்ப்பு எழுதியவருக்கும் தீர்ப்பு பெற்றவருக்கும் கதாபாத்திரத்தைப் பற்றிப் பேச ஒரே அளவு உரிமை.

அந்தத் திட்டத்தில் பேராசிரியர் தனியாக என்ன சாதித்திருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். புத்தகம் தெரியும், உரையாடலை நடத்தத் தெரியும். ஆனால் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் வாசிப்பு அறைக்கு அனுப்பும் அதிகாரம் நீதிபதியிடம் இருந்தது. அவர்கள் தவறாமல் வந்து சேர்வதைப் பார்த்துக்கொள்வது நன்னடத்தை அதிகாரியின் வேலை. அறையைத் தந்தது பல்கலைக்கழகம். எது யாரிடம் இருக்கிறது, அவர்களை ஒரே மேசைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று பார்க்கிற கண்தான் தலைவருக்கு வேண்டியது. உங்கள் பாடப்புலமை அந்த மேசையில் இருக்கும் பல வளங்களில் ஒன்று.

இப்போது குறுக்கே நிற்கும் பாதிக்கு வருவோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார், அதற்குள் தானே பேசத் தொடங்கிவிடுகிறார் என்று கண்டார். அந்த இடைவெளியை மூன்று விநாடியோ அதற்கு மேலோ ஆக்கியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். நெறியாளராக இருந்த உங்களுக்கு இது பழகியிருக்கும். நிர்வாகக் குழுக் கூட்டத்திலும் இதே கண்டுபிடிப்பு பொருந்தும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பேராசிரியர் தலைவராக உட்கார்ந்து முதலில் தன் கருத்தை அழகாகச் சொல்லிவிட்டால், பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியரோ, முன்னாள் பங்கேற்பாளரோ "சரி, அவருக்குத் தெரியாததா" என்று அடங்கிவிடுவார். அங்கே ஒருமனதாக நிறைவேறும் தீர்மானத்தில் ஒரே ஒரு மனம்தான் இருக்கும்.

கூட்ட நடைமுறைக்கு உலகில் பல இடங்களில் பின்பற்றப்படும் ராபர்ட்டின் விதிகள், பெரிய அவைகளில் தலைவர் விவாதத்தில் இறங்காமல் நடுநிலை காக்க வேண்டும் என்கின்றன. ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு மிகாத சிறு குழுக்களில் தலைவரும் பேசலாம், வாக்களிக்கலாம் என்று தளர்த்துகின்றன. உங்கள் குழு அநேகமாகச் சிறியதாகத்தான் இருக்கும், ஆகவே பேச உரிமை உண்டு. ஆனாலும் கடைசியில் பேசுங்கள். கல்வி நிறுவனத்தில் இருந்து வருபவர் இதைத் தனக்குத்தானே விதியாக்கிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு பழக்கமும் உண்டு. வகுப்பில் எல்லாவற்றையும் நீங்களே செய்கிறீர்கள்: பாடத்திட்டம் வகுப்பது, புத்தகம் தேர்வது, மதிப்பிடுவது. நிர்வாகக் குழுத் தலைவருக்குத் தனியாக ஒரு அதிகாரமும் கிடையாது. குழு கூடி முடிவெடுக்கும், அதை நடைமுறைப்படுத்துவது சம்பளத்துக்கு இருக்கும் இயக்குநரோ ஒருங்கிணைப்பாளரோ. தலைவர் செய்யக் கூடியது குழு நன்றாக முடிவெடுக்க வழி செய்வதும், இயக்குநருக்குத் துணையாகவும் கேள்வி கேட்பவராகவும் இருப்பதும். நெறியாளர் ஒருவரைத் தலைவரே நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, "அடுத்த வாரம் இந்தக் கதையை எடுங்களேன்" என்று சொல்வது சின்ன விஷயமாகத் தோன்றும். அன்றிலிருந்து அந்த நெறியாளருக்கு இரண்டு மேலாளர்கள். இயக்குநர் எடுத்த முடிவுக்கு மேல்முறையீடாக எல்லோரும் உங்களிடம் வர ஆரம்பிப்பார்கள். நல்ல இயக்குநர்கள் விலகிப்போவதற்கு நான் பார்த்தவரை சம்பளத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

அப்படியானால் நீங்கள் நெறியாளராகத் தொடரலாமா? தொடருங்கள், நிறுத்திவிட்டால் தலைவராக இருப்பதற்கான சக்தியே வற்றிவிடும். ஆனால் ஒரு வட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தில் நீங்கள் மற்றத் தன்னார்வலர்களைப் போல ஒருங்கிணைப்பாளருக்குக் கீழே வேலை செய்பவர் என்பதை எழுத்தில் வையுங்கள். வருகைப் பதிவை நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் அவர் உங்களைக் கேட்க முடிய வேண்டும்.

பணம் பற்றிப் பேச வேண்டும். கல்வித்துறையில் இருந்து வருபவர்கள் தயங்கி நிற்கும் இடம் இது. வாசிப்புத் திட்டத்துக்குப் பெரிதாக என்ன செலவு என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்துக்கொள்ளும் பிரதிகள், நெறியாளர்களின் மதிப்பூதியம், அவர்களுக்கான பயிற்சி, ஒருங்கிணைப்பாளரின் சம்பளம், காப்பீடு, கணக்குத் தணிக்கை எல்லாம் சேர்ந்தால் கணிசமான தொகை. இதில் நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது பயிற்சி, ஏனென்றால் அது இல்லாமலும் கூட்டங்கள் நடக்கும். ஓராண்டு, இரண்டாண்டு நடக்கும். அதற்குள் ஒவ்வொரு நெறியாளரும் தனக்குத் தெரிந்த ஒரே முறைக்கு, அதாவது தான் பள்ளியில் பார்த்த ஆசிரியரின் முறைக்குத் திரும்பியிருப்பார். வட்டம் சத்தமில்லாமல் வகுப்பாக மாறுவது இப்படித்தான். ஆகவே வரவு செலவுத் திட்டம் மேசைக்கு வரும்போது பயிற்சிக்கான ஒதுக்கீட்டை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் பேராசிரியராகவே பேசலாம். அந்த ஒதுக்கீட்டின் அருமை மற்றவர்களைவிட உங்களுக்குத் தெரியும்.

வருமானம் ஒரே இடத்தில் இருந்து வருவது எவ்வளவு ஆபத்து என்பதற்குச் சமீபத்திய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பல மாநிலங்களில் நூலக வாசிப்புக் கலந்துரையாடல்களுக்கு இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் புலங்களுக்கான மாநில மன்றங்கள் துணை நிற்கின்றன. அந்த மன்றங்களோ பெருமளவுக்கு நடுவண் அரசின் தேசிய மானுடப் புல அறக்கொடையை நம்பியிருந்தன. 2025 ஏப்ரலில் 56 மன்றங்களுக்கும் ஒரே வீச்சில் மானியம் ரத்து செய்யப்பட்டது. மெல்லன் அறக்கட்டளை அவசர உதவியாக 1.5 கோடி டாலர் தந்தது, ஆனாலும் இழந்ததை அது ஈடுகட்டவில்லை. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தலைவரான முதல் மாதத்தில் ஒன்றைக் கேளுங்கள்: நம் மிகப் பெரிய நிதியாளர் நாளை கைவிட்டால் எத்தனை மாதம் ஓடும்? மூன்று மாதத்துக்குக் குறைவு என்றால், புதிய வட்டங்களைத் திறப்பதற்கு முன்னால் இருப்பு நிதியைச் சேர்க்க வேண்டும். விரிவாக்கத்தில் ஆர்வமுள்ள உறுப்பினர்களுக்கு இது பிடிக்காது. பிடிக்காததைச் சொல்லத்தான் தலைவர் இருக்கிறார்.

நிதி கேட்கப் போகும்போது பலனை எண்ணிக்கையில் கேட்பார்கள். மேலே சொன்ன மாசசூசெட்ஸ் திட்டத்தின் தொடக்கக் குழுக்களைப் பற்றி ஒரு ஆய்வு உண்டு. பங்கேற்ற 32 பேரில் மீண்டும் தண்டிக்கப்பட்டவர்கள் சுமார் 19 சதவீதம், ஒப்பிட எடுத்த 40 பேரில் 45 சதவீதம். நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆனால் 32 பேரில் 19 சதவீதம் என்றால் ஆறு பேர். இன்னும் நான்கைந்து பேர் கூடியிருந்தாலே படம் மாறிவிடும். ஆராய்ச்சி தெரிந்தவர் என்பதால் நீங்கள் இதை உள்ளது உள்ளபடி சொல்ல முடியும், நிதியாளரிடம் மிகைப்படுத்தாமல் பேச முடியும். உங்கள் தொழில் கைகொடுக்கும் இடம் இது. கூடவே, எண்ணக்கூடிய எளிய விஷயங்களை விடாமல் எண்ணச் சொல்லுங்கள்: எத்தனை பேர் இரண்டாவது கூட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் வாய் திறந்தார்கள், நெறியாளர் எவ்வளவு நேரம் பேசினார். கடைசியாகச் சொன்ன எண்தான் ஒரு வட்டத்தின் உடல்நிலையை எனக்குச் சட்டென்று காட்டுவது. நெறியாளரின் பேச்சு பாதி நேரத்தைத் தாண்டினால் அங்கே உரையாடல் நடக்கவில்லை, சொற்பொழிவு நடக்கிறது.

புத்தகத் தேர்வு உங்களுக்கு மிகவும் கை அரிக்கும் இடமாக இருக்கும். தயவுசெய்து நிர்வாகக் குழு புத்தகத் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள், நீங்களும் தேர்ந்தெடுக்காதீர்கள். குழு வகுக்க வேண்டியது கொள்கை. யார் தேர்வு செய்வது, பங்கேற்பாளர்களுக்கு அதில் எவ்வளவு பங்கு, நீளம் எவ்வளவு இருக்கலாம், சிறை போன்ற இடங்களில் அதிகாரிகள் ஒரு நூலைத் தடுத்தால் என்ன செய்வது, யாராவது ஒரு நூலை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தால் யார் பதில் சொல்வது. கடைசிக் கேள்விக்கு என் பதில்: தலைவர். நெறியாளர் தன்னார்வலர், அவர் மேல் கோபத்தைத் திருப்ப விடக் கூடாது. புகார் கொடுத்தவரைச் சந்தித்து, முழுதாகக் கேட்டு, எழுதப்பட்ட கொள்கையின்படி பதில் சொல்வது உங்கள் பொறுப்பு. கொள்கை முன்பே எழுதப்பட்டிருந்தால்தான் இது முடியும். புகார் வந்த பிறகு எழுதினால் அது அந்தப் புகாருக்கான கொள்கையாகத்தான் இருக்கும்.

அறிஞர் உரையாற்றிய பிறகு கலந்துரையாடும் முறையைப் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்க நூலகங்களில் 1980-களில் பரவிய திட்டங்கள் பலவற்றில் அப்படித்தான் இருந்தது. துறை அறிஞர் கொஞ்ச நேரம் பேசுவார், பிறகு குழுக்களாகப் பிரிந்து பேசுவார்கள். ஏற்கெனவே நிறைய வாசிப்பவர்கள் கூடும் வட்டத்துக்கு அது விருந்து. படிப்பை இடையில் விட்டவர்கள், பள்ளியில் அவமானப்பட்டவர்கள் இருக்கும் வட்டத்தில் அது கதவைச் சாத்திவிடும். எந்த வட்டத்துக்கு எது என்று ஒருங்கிணைப்பாளர் முடிவு செய்யட்டும்.

நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பேராசிரியர் தலைவரானதும் மெல்ல மெல்ல அவருடைய சக பேராசிரியர்கள் காலி இடங்களில் வந்து அமர்வது இயல்பாக நடந்துவிடும். நமக்குத் தெரிந்தவர்களைத்தானே கேட்போம். கணக்கு தெரிந்தவர் ஒருவர், நூலகர் ஒருவர், திட்டம் நடக்கும் இடங்களைச் சேர்ந்தவர் ஒருவர், இவர்களோடு வட்டங்களில் பங்கேற்றவர்கள் இருவராவது வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அவரை எல்லாப் பங்கேற்பாளர்களுக்கும் பிரதிநிதியாக்கி, பாரத்தை அவர் தலையில் வைத்துவிடுவோம். அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைக்க வேண்டும், போக்குவரத்துச் செலவைக் கேட்காமலே கொடுக்க வேண்டும். கூட்ட ஆவணங்கள் எளிய மொழியில், குறைந்தது ஒரு வாரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். எல்லோரையும் ஒரே மேசையில் அமர்த்தும் வாசிப்புத் திட்டம் தன் நிர்வாக மேசையில் அதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

உங்கள் பல்கலைக்கழகத்தோடு உள்ள உறவில் மிகுந்த கவனம் தேவை. அறை இலவசமாகக் கிடைக்கும், மாணவர்கள் தன்னார்வலர்களாக வருவார்கள், எல்லாம் நல்லதுதான். ஆனால் பல்கலைக்கழகத்துக்கும் அமைப்புக்கும் இடையே ஒப்பந்தம், கட்டணம், ஆய்வு என்று எது வந்தாலும் உங்கள் நலமுரண்பாட்டைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, அந்த விவாதத்தின்போது வெளியே போய்விடுங்கள். துணைத் தலைவர் நடத்தட்டும், அது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகட்டும். அதோடு, வட்டங்களில் கேட்டவற்றை உங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தாய் தன் மகனைப் பற்றிக் கதையின் சாக்கில் சொன்னது அந்த அறைக்காகச் சொன்னது. ஆய்வு செய்தே ஆக வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி, பங்கேற்பாளர்களின் எழுத்துமூலச் சம்மதம், மறுத்தாலும் வட்டத்தில் இடம் பறிபோகாது என்ற உறுதி, மூன்றும் வேண்டும். தலைவராக இருக்கும் காலத்தில் நீங்களே அதைச் செய்யாமல் இருப்பது இன்னும் நல்லது. தலைவர் கேட்டால் மறுப்பது யாருக்கும் கடினம்.

சம்மதம் சொல்வதற்கு முன்னால் சிலவற்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்: துணைவிதிகள், கடந்த இரண்டு ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, ஓராண்டுக் கூட்டக் குறிப்புகள், காப்பீட்டு ஆவணம், நடப்பில் உள்ள மானிய ஒப்பந்தங்கள். மானிய ஒப்பந்தங்களில் அமைப்பு என்னென்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பது சில சமயம் குழு உறுப்பினர்களுக்கே தெரிந்திருக்காது. பிறகு இயக்குநரைத் தனியாகச் சந்தித்து, முந்தைய தலைவரிடம் அவருக்கு எது உதவியாக இருந்தது, எது தொல்லையாக இருந்தது என்று கேளுங்கள். அவர் தயங்கினால் காத்திருங்கள். துணைவிதிகளில் தலைவரின் பதவிக்காலம் குறிப்பிடப்படவில்லை என்றால், இரண்டு அல்லது மூன்று ஆண்டு என்று வரையறுக்கும் திருத்தத்தை உங்கள் முதல் கூட்டத்திலேயே கொண்டுவரச் சொல்லி, அந்த நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் துணைத் தலைவரைப் பாதிக் கூட்டங்களையாவது நடத்தச் சொல்லுங்கள். அந்த இடத்தில் வட்டங்களின் வழியாக வந்த ஒருவர் இருந்தால் மிகவும் மகிழ்வேன்.